கொட்டிலுக்குள் இருக்கும் தொழில்

வன்னியில் நான் சந்திக்கும் குடும்பத் தலைவிகள் பலருக்கு வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் தையற்கூடம். கடனுக்கு வாங்கிய ஓவர்லொக் மெசின் இரவில் அதற்குள் தனியே கிடக்கும். மெசின் களவு போனாலும் தவணை போகாது.

ஒரு சகோதரியின் கொட்டிலில் பெரிய ஆமைப்பூட்டு அப்படியே தொங்கியது. கள்ளன் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றியிருந்தான். பூட்டுக்குச் செலவிடுகிறோம், திருகாணியை யார் பார்க்கிறோம்? கதவை ஊடுருவும் போல்ட் போட்டு, உட்பக்கம் நட்டால் கொண்டியை இறுக்குங்கள். பிணைச்சலும் வெளியே தெரியக்கூடாது.

பொலிஸார் அவரிடம் முதலில் கேட்டது மெசினின் தொடர் இலக்கம். எழுதி வைத்திருக்கவில்லை. இன்றே அதைக் கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுடன் வீட்டுக்குள் வையுங்கள். நாய் வளர்க்கலாமே என்பார்கள்; அதற்கும் சோறு வேண்டும்! இரவில் சத்தம் கேட்டால் தனியே வெளியே இறங்காமல் அயலவரைக் கூப்பிட்டு, 119க்கு அழையுங்கள்.