உப்பு வெடிக்கும் சத்தம்

வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்தால் எங்கள் அப்பாயி பிள்ளைகளை எல்லாம் திண்ணையில் கிழக்கு பார்த்து உட்கார வைத்துச் சுற்றிப் போடும். ஒரு கை கல்லுப்பு, நாலு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு. விறகடுப்பில் கொட்டியதும் உப்பு படபடவென்று வெடிக்கும். சத்தம் பெரிதாக வந்தால், "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு எம்புள்ளைக்கு" என்று கன்னத்தைத் தடவி நெட்டி முறிக்கும்.

கடுகு பொரிவது எனக்குப் புரிந்தது. மிளகாய் நெடி ஏறுவதும் புரிந்தது. உப்பு ஏன் வெடிக்க வேண்டும்? கேட்ட இடத்தில் எல்லாம் "அது அப்படித்தான்" என்றார்கள். பதில் எனக்கு இருபது வயதில், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், நான் தலைகுனிந்து நின்ற ஒரு நாளில் கிடைத்தது. பிறகு பட்டுக்கோட்டை வட்டாரத்திலேயே 33 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கு நான் சொன்னதில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்த ஒரு நாளில் கற்றதைத்தான் சொல்வேன்.

இளநிலைக் கடைசி ஆண்டுச் செய்முறைத் தேர்வு, 1979. எனக்கு வந்தது பென்சாயிக் அமிலம். பென்சால்டிஹைடைப் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துக் கொதிக்க வைத்துத் தயாரிப்பது. அமிலம் வந்துவிட்டது. ஆனால் பழுப்பேறிய, கசடு கலந்த பொடியாக வந்தது. அதைத் தூய்மைப்படுத்திக் காட்ட வேண்டும். அதற்கு வழி மறுபடிகமாக்கல்.

பார்க்க எளிய வேலை. கொதிக்கிற தண்ணீர் 100 மில்லியில் பென்சாயிக் அமிலம் 5 கிராமுக்கு மேல் கரையும். அதே தண்ணீர் ஆறினால் அரைக் கிராம்கூடக் கரையாது. ஆகவே குறைந்த அளவு கொதிநீரில் கரைத்து, நிறம் போக ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டு, சூடு ஆறுமுன் மடிப்பு வைத்த வடிதாளில் வடித்து, ஆற விட வேண்டும். கரித்தூளைக் கொதிக்கிற கரைசலில் போடக்கூடாது, பொங்கி மேசைக்கு வந்துவிடும். சற்று இறக்கிவைத்துப் போட வேண்டும். புனலையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். ஆறிய புனலில் ஊற்றினால் தாளிலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். இதை எல்லாம் நான் சரியாகவே செய்தேன்.

தவறியது கடைசியில். பங்குனி வெயில். தொட்டித் தண்ணீரே வெந்நீராக வரும் நேரம். தேர்வுக்காக ஐஸ் கடையிலிருந்து ஒரு பாளத்தை உமி போட்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தார் அட்டெண்டர். பக்கத்து மேசைக்காரன் முடிக்கப் போகிறான். ஆவி பறக்கிற பீக்கரை அப்படியே ஐஸில் இறக்கிவிட்டேன். ஒரு நொடியில் கரைசல் முழுக்க வெள்ளையாகத் திரண்டது. எடை போட்டேன், நிறைய இருந்தது. மகிழ்ச்சி தாளவில்லை.

உருகுநிலை பார்க்க வேண்டும். மயிர்போன்ற கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரில் மூடி, பொடியைத் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியோடு நூலால் கட்டிப் பாரஃபின் எண்ணெயில் வைத்துச் சூடேற்றுவோம். தூய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் சட்டென்று உருகும். என்னுடையது 116-இல் வியர்க்கத் தொடங்கி 120-க்குத்தான் முழுக்க உருகியது. ஏட்டில் 122 என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வாளர் ஏட்டைப் பார்த்தார். என் பொடியை விரலால் நெருடினார். ஒன்றும் சொல்லாமல் தாமே ஒரு குழாயில் அடைத்து எண்ணெயில் வைத்து, "நீங்களே பாருங்க தம்பி" என்று என்னை வெப்பமானி முன்னால் நிறுத்தினார். 116. 117. 118. அந்த நாலு டிகிரி ஏறுவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"ஐஸ் தண்ணி விட்டு நல்லாக் கழுவிடவா சார்?" என்றேன்.

"வெளியில ஒட்டியிருந்தாக் கழுவலாம். நீங்க உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. கழுவுனாப் போகாது. முழுசாத் திரும்பக் கரைங்க. நேரம் இருக்கு."

படிகம் கட்டுவதும் நாற்று நடுவதும் ஒரே மாதிரி. நாற்றங்காலில் நெல்லோடு குதிரைவாலிப் புல்லும் வளர்ந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கை தேர்ந்த பெண்கள் நிதானமாக நடும்போது விரல் தொட்ட மாத்திரத்தில் புல்லை இனம் கண்டு வரப்பில் வீசிவிட்டு நடுவார்கள். கங்காணி விரட்டினால் முடிச்சில் இருப்பது மொத்தமும் சேற்றுக்குள் போகும். கரைசலில் இருக்கிற மூலக்கூறுகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து தன் இடம் பார்த்து அமர்கின்றன. வேற்று மூலக்கூறு வந்தால் அதன் வடிவம் அங்கே பொருந்தாது, திரும்பிப் போய்விடும். இது நடக்க அவகாசம் வேண்டும். அவசரமாகக் குளிர்வித்தால் திரும்பிப் போக நேரம் இல்லாமல் அழுக்கும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். கூடவே, படிகம் எந்த நீரில் பிறந்ததோ அந்தத் தாய்க் கரைசலும் சின்னச் சின்னத் துளிகளாக மாட்டிக்கொள்ளும்.

அங்கேதான் அப்பாயியின் உப்பு எனக்கு விளங்கியது. கல்லுப்பின் உள்ளே, அது பிறந்த கடல்நீரின் துளிகள் சிறைப்பட்டு இருக்கின்றன. நெருப்பில் விழுந்ததும் அந்தத் துளி ஆவியாகி, வழி இல்லாமல், கல்லைப் பிளந்துகொண்டு வருகிறது.

இரண்டாம் முறை கரைத்து, பீக்கரின் வாயை மூடி, துணியைச் சுற்றி மேசை மேல் வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அடியில் ஒரு மினுக்கம். அதிலிருந்து மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அப்பளம் அடுக்கியதுபோல. எடை முதலில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். 121-இல் தொடங்கி 122-இல் உருகியது. தேர்வாளர் எனக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது இன்று நினைவில்லை. மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டு மனம் நிறைந்து வீட்டுக்கு நடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தூய்மைப்படுத்தும் வழிகள் இன்னும் பல உண்டு. திரவத்தைக் காய்ச்சி வடிப்பது, கற்பூரத்தையும் நாஃப்தலினையும் ஆவியாக்கி மறுபடி படிய வைப்பது, பிரிபுனலில் குலுக்கி ஒன்றிலிருந்து ஒன்றை இழுப்பது, ரஷ்ய விஞ்ஞானி ஸ்வெட் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் இறக்கிப் பச்சை வேறு மஞ்சள் வேறாகப் பட்டை பிரித்துக் காட்டிய முறை. எல்லாவற்றுக்கும் பொதுவாக, முந்திக்கொள்கிறவன் கை சுட்டுக்கொள்வான். காய்ச்சி வடிக்கும்போது பொங்காமல் இருக்கப் போடும் பீங்கான் சில்லைத் திரவம் குளிர்ந்து இருக்கையிலேயே போட வேண்டும். மறந்துவிட்டுச் சூட்டில் போட்டால் குடுவை முழுக்கச் சீறி எழும்.

படிகத்தின் பொறுமைக்கு நான் வகுப்பில் சொல்லும் கதை லூயி பாஸ்டருடையது. 1848, பாரிஸ். அவருக்கு வயது 25. டார்டாரிக் அமிலத்தின் ஓர் உப்புக் கரைசலைக் குளிர்ச்சியான இடத்தில் மெல்ல ஆவியாக விட்டார். வந்த படிகங்களை உற்றுப் பார்த்தால், வலது கையும் இடது கையும்போல இரண்டு ஜாடை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். அதற்குமுன் அப்படி ஒரு பிரிப்பை யாரும் செய்ததில்லை. அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழேதான் அப்படித் தனித்தனியாகப் படியும். வெப்பம் ஏறினால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்துவிடும். நம் பட்டுக்கோட்டைச் சித்திரை வெயிலில் செய்திருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை அதிராம்பட்டினம் உப்பளத்துக்குக் கூட்டிப்போவேன். இங்கிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம்தான். ஆய்வுக்கூடத்தில் பீக்கரில் செய்வதை அங்கே ஏக்கர் கணக்கில் செய்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் நாம் சாப்பிடுகிற உப்பு 27 கிராம்போல. மீதி எல்லாம் வேறு. பாத்தி பாத்தியாக நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். நீரின் அடர்த்தி பார்க்கும் மிதவைக் கண்ணாடியில் 25 டிகிரி காட்டும்போதுதான் நம் உப்பு படிய ஆரம்பிக்கும். அதற்குள் தண்ணீர் பத்தில் ஒன்றாகச் சுண்டியிருக்கும். 29-ஐத் தொட்டால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து, உப்பு கசக்கும், ஈரம் கோத்து ஜாடியில் ஒழுகும்.

அங்கே ஒரு பெரியவர் கண்ணாடியைத் தொட மாட்டார். விரலை நனைத்து நாக்கில் வைப்பார். "அடிநாக்குல கசப்பு வந்திருச்சு தம்பி. இன்னும் கொஞ்சம் கெடைக்குமேன்னு பாத்தா, கெடச்சதும் கெட்டுப்போயிரும்" என்று மடையைத் திறந்துவிடுவார். இரண்டு கல்லை எடுத்து மாணவர்களிடம் காட்டுவார். காற்றும் வெயிலும் ஓங்கி அடித்த நாளில் விரைந்து வளர்ந்த உப்பு பால்போல் வெளுத்திருக்கும். நிதானமாக வளர்ந்தது கண்ணாடிபோல் இருக்கும். வெளுப்புக்குக் காரணம் உள்ளே மாட்டிய நீர்த்துளிகள். நாம் கடையில் வெளுப்பைப் பார்த்துத்தான் நல்ல உப்பு என்கிறோம்.

இதை எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த நான், என் வீட்டில் அதே தப்பைச் செய்தேன். எனக்கும் அண்ணனுக்கும் எட்டு மா தென்னந்தோப்பு. அப்பா இறந்த முப்பதாம் நாள் பேச்சு எழுந்தது. போர்வெல் யார் பக்கம், பாதை யாருக்கு என்று இரண்டு பேருக்கும் கொதித்தது. "இழுத்தா நாறும், இன்னைக்கே முடிச்சிருங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒரே ராத்திரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சண்டை அடங்கியது என்று எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு பதினோரு வருஷம் கழுவிக்கொண்டே இருந்தேன். அண்ணன் வீட்டு விசேஷம் என்றால் முதல் மொய் என்னுடையது. தீபாவளிக்கு வேட்டி, பொங்கலுக்கு வாழைத்தார். மேலே பளபளவென்றுதான் இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் சாதாரணமாகத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எனக்குள்ளே அத்தனை வருஷமாக மாட்டியிருந்தது அந்தச் சூட்டில் வெடித்தது. பிறகு பேச்சே இல்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைக் கடந்தது. விடிந்து தோப்புக்குப் போனால் வானம்தான் தெரிந்தது. அப்பா வைத்த மரங்கள் வேரோடு கிடந்தன. என் மரம் அண்ணன் பக்கத்தில், அண்ணன் மரம் என் பக்கத்தில். வேலி எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்து வந்த சாயங்காலங்களில் பேசினோம். அப்பாவின் முப்பதாம் நாளிலிருந்து, யார் என்ன சொன்னார்கள், யாருக்கு எது குத்தியது என்று ஒன்று விடாமல் பேசினோம். சில நாள் குரல் ஏறும், எழுந்து போய்விடுவோம், மறுநாள் வந்து விட்ட இடத்தில் தொடங்குவோம். தை பிறந்து மாசியும் வந்துவிட்டது. போர்வெல்லை நான் விட்டேன். பாதையை அண்ணன் விட்டார். கணக்குப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பத்திரத்தில் இருந்ததைவிடக் குறைவுதான்.

போன மாசம் பேத்தி திருச்சி ஹாஸ்டலிலிருந்து ராத்திரி ஃபோன் பண்ணினாள். அவளும் வேதியியல்தான்.

"தாத்தா, ரெண்டு மணி நேரமாச்சு, ஒரு படிகம்கூட வரல. ஐஸ்ல வச்சிரட்டா?"

"சுருசுருன்னு கொதிக்கிறப்பவே வடிச்சியா?"

"ம்."

"தண்ணி கூடப்போச்சா?"

"அளந்துதான் ஊத்துனேன்."

"அப்ப கண்ணாடிக் குச்சியால உள்சுவத்துல லேசா ஒரு கீறு கீறு. அந்தக் கீறலைப் புடிச்சு வரும். மூடி வச்சிட்டுப் போயிச் சாப்புடு பாப்பா. ஆட்டாத."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"காலைல பாரு."

மறுநாள் ஏழு மணிக்குப் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் குடுவையைத் தூக்கிப் பிடித்து எடுத்திருந்தாள். அடியில் விரல்நீளத் தகடுகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நின்றன, அவற்றின் வழியாக அவளுடைய கட்டைவிரல் ரேகை தெரிந்தது.