கீரனூரில் ஒரு படப்பிடிப்பு

"நம் பூர்வீகத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறேன், அம்மா!" என்றாள் என் மகள். கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த பெண்! வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்?

"கதாநாயகன் யாரடி?"

"கதாநாயகிதான். பாட்டி!"

ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், 88 வயதான என் தாயாரும், நானும், அவளும், அவளுடைய குட்டிக் காமிராவும் காரில் கிளம்பினோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது கீரனூர். எங்கள் வீடு கைமாறி வெகு காலமாகிவிட்டது. திண்ணையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள குன்றாண்டார்கோயிலுக்குப் போனோம். பாறையைக் குடைந்த சிவன் கோயில். அதன் முன்னே தேர் வடிவில் ஒரு மண்டபம், கற்குதிரைகள் இழுக்கின்றன. காமிராவைப் பிடித்தபடி என் மகள் அதை ஒட்டி ஓடினாள். பிறகு போட்டுப் பார்த்தால், அம்மாடி! தேர் நகர்கிறது!

அடுத்தது நார்த்தாமலை. பாறை சுடுவதற்கு முன் ஏறிவிட வேண்டும். கையில் தண்ணீர் அவசியம். மேலே விஜயாலய சோழீச்வரம். சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை. எதிரே குகையில் பன்னிரண்டு திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள். முத்தரையர் தலைவன் சாத்தன் பூதி கட்டிய கோயில் இது. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் எடுத்துக் கட்டினான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் இருவர் பெயரும் கல்லில் இருக்கின்றன.

கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"எங்க அண்ணன் பேருதான் எங்கேயும் இல்லை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஒரு மாமாவா?

பதின்மூன்று வயதில் நாடகக் கம்பெனியோடு ஓடிப் போனவராம். அதன் பிறகு வீட்டில் அவர் பெயரைச் சொல்லக் கூடாதென்று தாத்தா உத்தரவு. இதே புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த பி. யு. சின்னப்பாவும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான். அவர் 1940-ல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டபோது ஊரே கொண்டாடியது. நம் வீட்டுப் பிள்ளை போனால் மட்டும் அவமானம்!

"ஆனா, அப்புறம் வந்த சின்னப்பா படம் ஒண்ணு விடாம அப்பா பார்த்தார்" என்றாள் அம்மா. "கூட்டத்திலே அண்ணன் முகம் தெரியுதான்னு தேடத்தான் போறார்னு எங்கம்மா சொல்லுவாங்க."

என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி, காமிராவை ஓட விடட்டுமா?"

அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "ஓடட்டும்."

பிறகு, எண்பது வருஷமாக நாக்கில் வராத அந்தப் பெயரைச் சொன்னாள்.

அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. படத்தில் முதல் எழுத்தாக அதுதான் வரப்போகிறது. வேலையைப் பற்றி நானும் அப்புறம் பேச்செடுக்கவில்லை.