சின்னத்திரை திறந்த கண்
மருது சகோதரர் பிறந்த நரிக்குடி எங்கள் திருச்சுழிப் பகுதியைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் என்றாலே, 1801-இல் அவ்விருவரையும் தூக்கிலிட்டவர்கள் என்ற கசப்பே எனக்கு. அக்கசப்போடுதான், பி.பி.சி. 2000 முதல் 2002 வரை ஒளிபரப்பிய ‘பிரிட்டனின் வரலாறு’ தொடரைப் பேரனோடு காண அமர்ந்தேன்.

எட்டாம் ஹென்றி உரோமையை விட்டுப் பிரிந்த பகுதி வந்தது. “அரசனை எதிர்க்க ஒருவருமில்லையா, தாத்தா?” என்றான்.

புனித தாமஸ் மோரைப் பற்றிக் கூறினேன். சான்சலர் என்னும் உயர்பதவி வகித்திருந்த அவர், அரசனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்து, 1535 சூலை 6-இல் தலை வெட்டுண்டார். 1935-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

“நம் மருதுவைப் போலவா?” என்றான் பேரன்.

வாயடைத்துப் போனேன். ஆங்கில மண்ணிலும் அநீதிக்குத் தலைவணங்காதோர் வாழ்ந்தனரே! கசப்பு கரைந்தது.

பெற்றோரே, வரலாற்றுப் படங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்தே பாருங்கள். அவர்தம் கேள்விகள் நம் கண்களையும் திறக்கும்.