நான் நீக்கிய வரி

கல்லூரி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் தமிழாசிரியர் எழுதியிருந்தபோது, எதை எழுதுவதென்று சிறிது மயங்கினேன். சரித்திர மாணவனாய் இக்கல்லூரியை விட்டு வெளிப்போந்த எனக்கு வாய்த்த தொழிலோ, இராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டின் காரியாலயத்தில் மின்னஞ்சல் இயந்திரத்தைப் பேணுதல். அத்தொழிலில் நான் செய்த பிழையொன்றையே எழுதத் துணிந்தேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

கல்மண்டபத்தை அடுத்த சந்தொன்றில், மாடியில் எங்கள் காரியாலயம். சன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிகளின் ஓசையும் காசிமேட்டு மீன்வாடையும் ஒருங்கே புகும். பழைய பில் கட்டுகள் கிடக்கும் பரணுக்குக் கீழே ஒரு லினக்ஸ் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அஞ்சல் வேலை பார்த்தது 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்னும் மென்பொருள்; வீட்ஸ வெனமா என்பார் 1998-இல் உலகிற்கு அளித்தது. அதற்கு முன் எங்கும் பரவியிருந்த 'சென்ட்மெயில்' ஒரே பெரிய நிரலாய் எல்லாச் சுமையையும் தானே தாங்குவது. அதன் அமைப்புக் கோப்போ, கற்றாரும் கண்டு அஞ்சும் குறிகளால் ஆயது. போஸ்ட்ஃபிக்ஸ் வேலையைப் பல சிறு நிரல்களுக்குப் பங்கிட்டது. வாயிலில் நின்று கடிதத்தை ஏற்பது ஒன்று. வரிசையைக் காப்பது ஒன்று. உரியவர் பெட்டியில் இடுவது மற்றொன்று. எந்த நிரல் எவ்வாறு இயங்கவேண்டுமென 'மாஸ்டர்.சிஎப்' கூறும். நமது டொமைன் யாது, யாருடைய கடிதத்தை வெளியே கடத்தலாம் என்பனவற்றை 'மெயின்.சிஎப்' கூறும். எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகளே. ஆயினும் வரியின் தொடக்கத்தில் அறியாமல் ஓர் இடைவெளி விட்டால், அவ்வரி முன்வரியின் தொடர்ச்சியாகிவிடும்! இதனால் நான் இழந்த உறக்கம் சிறிதன்று.

'ஏலியசஸ்' என்பது இன்னொரு கோப்பு. இடப்பக்கம் ஒரு பெயர். வலப்பக்கம், அப்பெயருக்கு வரும் கடிதம் உண்மையிற் சேரவேண்டிய இடம். 2013-ஆம் ஆண்டுக் கோடையில், வேலையொன்றுமில்லாத ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், அதைத் தூய்மை செய்யப் புகுந்தேன். விலகிப்போனவர், ஓய்வு பெற்றவர் பெயர்களெல்லாம் அங்கே குவிந்திருந்தன. 19 வரிகளை நீக்கினேன். அவற்றுள் ஒன்று, எட்டாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பெரிய குமாஸ்தாவினுடையது. அவருக்கு வரும் கடிதங்களை இறக்குமதிப் பகுதிக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. ஏன் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. 'நியூஏலியசஸ்' என்னும் கட்டளையை இட்டு, வீட்டைப் பெருக்கி முடித்தவன் போல் மகிழ்ந்து சென்றேன்.

பத்து நாள் கழித்து, திருவொற்றியூர்க் கிடங்கொன்றில் எங்கள் கட்சிக்காரரின் கண்டெய்னர்கள் இரண்டு கேட்பாரற்று நிற்பதாகச் செய்தி வந்தது. இலவச நாட்கள் கடந்து வாடகை ஏறிவிட்டது. சரக்குக் கப்பலேறிய அறிவிப்பை அனுப்பிவிட்டோம் என்றனர் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்து ஏஜெண்டுகள். முதலாளி இறக்குமதிப் பகுதி இளைஞனை அழைத்து, "அனுப்பிய கடிதம் எங்கே போகும்? நீ பார்த்திருக்கமாட்டாய்" என்று கடிந்தார். "வரவே இல்லை, ஐயா" என்றான் அவன். பின்னர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ பார்த்துச் சொல்" என்றார்.

பார்த்தேன். இயந்திரத்துக்கு ஒளிக்கத் தெரியாது. கடிதம் வாயிலுக்கு வந்த நேரமும், பெரிய குமாஸ்தாவின் பெயரும், 550 என்னும் எண்ணும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற மறுமொழியும் அதன் பதிவேட்டில் இருந்தன. நான்கில் தொடங்கும் எண்ணாயின் அனுப்பும் இயந்திரம் மீண்டும் முயலும். ஐந்தில் தொடங்குவது முடிவான மறுப்பு. அம்மறுப்பும் அவர்கள் பக்கத்தில் ஒருவரும் திறவாத பெட்டியிற் போய் விழுந்திருந்தது. மெயின்.சிஎப்பில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்னும் வரியைச் சில நாள் இட்டுவைத்திருந்தால், ஐந்து நான்காகி, கடிதம் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியிருக்கும். மாறுதல் செய்யுங்காலத்துக்கென்றே அமைந்த காப்பு அது. நூலிற் படித்திருந்தேன், இடவில்லை.

கீழே வந்து, "இன்னும் பார்க்கவேண்டும், ஐயா" என்றேன். இளைஞனின் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடிப்பதென்று அன்று முடிவாயிற்று. நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, திருவொற்றியூர்த் தேரடியருகில் வாழ்ந்த பெரிய குமாஸ்தாவைத் தேடிச் சென்றேன். "அவர்கள் கணினியில் என் பெயர்தான் ஏறியிருக்கிறது, தம்பி. மாற்றுங்கள் என்று நான்கு தடவை எழுதினேன், கேட்கவில்லை. கடைசியில் நம் பக்கமே ஒரு வரி போட்டுக்கொண்டோம்" என்றார். சற்று நிறுத்தி, "அந்தப் பையனைத் திட்டினாரா?" என்று வினவினார். நான் தலை கவிழ்ந்தேன். அவர் மேலே ஒன்றும் கேளாமல் காப்பி கொண்டுவரச் சொன்னார். அக்காப்பியை நான் அருந்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாட் காலை முதலாளியிடம் அனைத்தையும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிடித்தம் என் கணக்குக்கு மாறிற்று. இளைஞன் மட்டும், "மூன்று நாள் ஏன் அண்ணா சும்மா இருந்தீர்கள்?" என்று ஒரே முறை கேட்டான். அதற்குத் தக்க விடை இன்றுவரை நான் கண்டிலேன்.

நீக்கிய வரியை மீண்டும் இட்டேன். இயந்திரம் படியாது விடும் குறியொன்றைத் தொடக்கத்திலிட்டு, அதன்மேல், அவ்வரி எதற்காக என்பதைத் தேதியோடு எழுதினேன். பெரிய குமாஸ்தா 2017-இல் காலமானார். 2019-இல் எங்கள் அஞ்சல் வெளியார் சேவைக்கு மாறிப் பழைய கணினி நிறுத்தப்பட்டபோது, புதிய இடத்தில் நான் முதலில் ஏற்றியது அவர் பெயரைத்தான். கிள்ளானிலிருந்து இன்றும் அப்பெயருக்கே கடிதம் வருகிறது.