வாடைக் காற்றில் ஒரு சைக்கிள் பயணம்

நீங்கள் திருகோணமலைக்கு வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் பெரும்பாலும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில்தான் வந்திருப்பீர்கள். நிலாவெளிக் கடலில் குளித்து, புறாமலைக்குப் படகேறி, ‘இப்படியும் ஒரு கடலா!’ என்று வியந்து வீடு திரும்பியிருப்பீர்கள். அது கோடையின் முகம். ஐப்பசி பிறந்த பிறகு இதே கரைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். கடலின் நிறம் மாறியிருக்கும். காற்றின் திசை மாறியிருக்கும். மனிதர்களின் தொழிலும் மாறியிருக்கும்.

அந்த மாற்றத்தை அறிய நீங்கள் செல்ல வேண்டிய ஊர்களில் ஒன்று இறக்கக்கண்டி. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளியை அடுத்து, குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் களப்பு. கடற்றொழில், வேளாண்மை, கூலி வேலை, சிறு வியாபாரம் என்று வாழும் உழைப்பாளிகளின் ஊர். நகரத்துக்கு ஏறத்தாழ 17, 18 கிலோமீற்றர்.

மேல்நாட்டார் ‘இலையுதிர் காலம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். நமக்கு அது பாடப் புத்தகத்தில் வரும் காலம்தான். கிழக்குக் கரையில் இலை உதிர்வதில்லை, வானம்தான் உதிர்கிறது. கோடை முழுவதும் வீசிய கச்சான் ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வாடை புறப்படும். ஆனி மாதத்தில் சில தூறல்களோடு நின்றுவிடும் திருகோணமலையில் நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலும் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது வழக்கம். ஆண்டு மழையில் பெரும் பங்கு இந்தச் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

இந்த மழையை எதிர்கொள்ளும் ஒரு மனிதரை நாம் அதிகம் நினைப்பதில்லை. சுபஹ் தொழுதுவிட்டு, கரியரில் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் வேலைக்குப் புறப்படுபவர் அவர். இன்று மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகிவிட்டன, உண்மைதான். ஆனாலும் மேசனுக்குக் கையாளாகப் போகிறவர், கடையில் சாமான் இறக்குகிறவர், தோட்டம் துப்புரவாக்குகிறவர் என்று எத்தனையோ பேரின் வாகனம் இன்னும் அந்த இரண்டு சக்கரம்தான். பெற்றோல் அடிக்கும் காசை மிச்சப்படுத்தினால் அது பிள்ளையின் கொப்பியாகும், உம்மாவின் மருந்தாகும் என்று கணக்குப் பார்த்து மிதிக்கிறவர்கள் அவர்கள்.

மாரி வந்ததும் இவர்களுக்கு மூன்று சோதனைகள் ஒரே நேரத்தில் வருகின்றன.

முதலாவது, தொழில். கோடையில் இக்கரையிலேயே வேலை கிடைக்கும். நிலாவெளி ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். கரைவலை இழுக்க ஆள் தேவைப்படும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர்களால் கடற்கரை கலகலப்பாக இருக்கும். கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் அவர்கள் வாடிகளைக் கழற்றிக்கொண்டு தங்கள் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். ஹோட்டல்களில் ஆட்குறைப்பு. சிறு தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். மழை விழுந்த உப்பளத்தில் உப்பும் விளையாது. வேளாண்மை விதைப்பு சிலருக்குக் கைகொடுக்கும். மற்றவர்கள் வேலை தேடி நகரத்தை நோக்கி மிதிக்க வேண்டும். கோடையில் இரண்டு மூன்று கிலோமீற்றர் போனவர், பாதை மிக மோசமாக இருக்கும் காலத்தில் பதினேழு கிலோமீற்றர் போக வேண்டியவராகிறார்!

இரண்டாவது, காற்று. இறக்கக்கண்டியிலிருந்து நகருக்குப் போகும் வீதி தெற்கே, சற்றுக் கிழக்காகச் சாய்ந்து செல்கிறது. வாடையோ வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே காலையில் அது இடது தோளுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும். உடம்பில் தெம்பு உள்ள நேரத்தில் காற்றும் துணை. மாலையில்தான் கணக்கு மாறுகிறது. நாள் முழுதும் சீமெந்து சுமந்த களைப்போடு திரும்பும்போது அதே காற்று வலது கன்னத்தில் அறைந்து, முன்னே போக விடாமல் தடுக்கும். காலையில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் போன தூரத்துக்கு மாலையில் ஒன்றரை மணித்தியாலமும் போதாமல் போகும்.

மூன்றாவது, இருட்டு. இதை நீங்கள் தொழுகை நேர அட்டவணையிலேயே காணலாம். ஜூன் மாதத்தில் திருகோணமலையில் சூரியன் மறைய மாலை 6.20 தாண்டிவிடும். நவம்பர் நடுப்பகுதியில் 5.40 அளவிலேயே மறைந்துவிடும். மழை மேகம் கவிந்தால் அதற்கும் முன்னரே இருட்டு. ஐந்து மணிக்கு வேலை விட்டுப் புறப்படுகிறவர் கோடையில் பகல் வெளிச்சத்திலேயே வீடு சேர்ந்துவிடுவார். மாரியில் அவருக்குப் பாதித் தூரம் இருட்டில்தான்.

இப்போது அவரோடு நாமும் சற்று நகரத்திலிருந்து திரும்பி வருவோம், வாருங்கள். அலஸ்தோட்டம் வரை கடை வெளிச்சம் துணை வரும். உப்புவெளியில் வீதியோரமாக இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களின் மயானம் இருக்கிறது. எங்கோ பிறந்த இளைஞர்கள் இங்கே வரிசையாக உறங்குகிறார்கள். சாம்பல்தீவை நெருங்கும்போது வெட்டவெளி. காற்றுக்குத் தடுப்பு இல்லை. அப்பால் நிலாவெளி. வழியில் ஒரு பள்ளிவாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, நனைந்த காலைத் துடைத்து மஃரிபைத் தொழுதுகொள்ளலாம். பிறகு மீண்டும் இருட்டு.

தாரின் மேல் மழை நீர் அடித்து வந்த மணல் படிந்திருக்கும். அதில் சக்கரம் ஏறினால் வழுக்கும். நீர் நிறைந்த குழி, தட்டையான வீதி போலவே தெரியும். இன்னொன்றும் உண்டு. வயல்களில் விதைப்பு முடிந்ததும் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் குறைந்துவிடும். ஈரத்தில் படுக்க இடமில்லாமல் அவை தார் வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு, கறுத்த வீதி, கறுத்த இரவு! எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தால், சைக்கிள்காரருக்கு மாடும் தெரியாது. பின்னால் வரும் சாரதிக்குச் சைக்கிள்காரரும் தெரியமாட்டார்.

இந்த வீதியின் கடந்த காலமும் இலேசானதல்ல. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி சைக்கிளை விட்டிறங்கி உருட்டிச் சென்ற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இக்கரையைச் சூறையாடியது. களப்பின் மேல் இன்று நாம் காணும் இறக்கக்கண்டிப் பாலம், யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரேவி’ சூறாவளி கரை கடந்தது, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாரி என்றால் கிழக்கு மக்கள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது இதனால்தான்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டொலர் இல்லாமல் எரிபொருள் இல்லாமற்போன ஆண்டு. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அப்போது வைத்தியர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் சைக்கிளைத் தேடினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சைக்கிளின் விலையும் எகிறியது. ஏழையின் வாகனம் என்று நாம் ஓரமாகத் தள்ளிவைத்த வண்டி, நாட்டையே சில மாதங்கள் சுமந்தது. எரிபொருள் வந்ததும் நாம் அதை மறந்துவிட்டோம். ஆனால் அதற்கு முன்பும் சைக்கிளில் போனவர், பின்பும் சைக்கிளிலேயே போய்க்கொண்டிருக்கிறார்.

திருகோணமலைக் கோட்டையை ஒரு காலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டில் கதை வேறுவிதமாக முடிந்தது. அங்கே 1971இல் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறந்தார்கள்; அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தாய்மாரும் தந்தைமாரும் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, நவம்பர் 4 தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது அங்கு நிறுத்தப்பட்டது. நெருக்கடி தீர்ந்த பிறகும் அவர்கள் பாடத்தை மறக்கவில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் போட்டார்கள். இன்று அந்நாட்டில் மக்கள் தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகம்! 2013 முதல் அங்கே ஒரு விநோதப் போட்டியும் நடக்கிறது. கடும் புயற்காற்று வீசும் நாளில், கடலை மறித்துக் கட்டிய அணையின் மேல், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் எதிர்க்காற்றில் எட்டரை கிலோமீற்றர் மிதிக்க வேண்டும். அவர்களுக்கு அது விளையாட்டு. நம் சகோதரருக்கு அது அன்றாடச் சோறு.

தனிப் பாதை போடுவது அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்போம். ஆனால் அது வரும்வரை நம் கையில் உள்ளதைச் செய்யலாமே!

வீட்டிலுள்ள சகோதரிகளே, மழை தொடங்குமுன் வண்டியை ஒருமுறை பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் உடனே பிடிக்காது. வண்டி நிற்கப் பல மடங்கு தூரம் எடுக்கும். ஆகவே தேவைப்படுமுன்னரே மெதுவாகப் பிடித்துப் பிடித்து ரிம்மின் ஈரத்தைப் போக்க வேண்டும். கடற்காற்றும் மழையும் சேர்ந்தால் செயின் சீக்கிரம் துருவேறும். இரவில் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் காலையில் மிதிப்பது இலேசாகும். டைனமோ லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஈரமான டயரில் அது வழுக்கும்; வண்டி நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். பற்றரியில் எரியும் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று பின்னால் இருக்கட்டும். பின் மட்கார்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒட்டுங்கள். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு வாடையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது, மழைக்கோட்டே நல்லது. மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுங்கள்.

வேலை கொடுக்கும் முதலாளிமாரே, தூரத்திலிருந்து சைக்கிளில் வருபவரை மாரி மாதங்களில் அரை மணித்தியாலம் முன்னதாக விட்டுவிடுங்கள். காலையில் அரை மணித்தியாலம் முன்னதாக வரச் சொன்னாலும் அவர் மகிழ்ச்சியோடு வருவார். உங்களுக்கு நட்டமில்லை, அவருக்கு அது வெளிச்சம். சாரதிமாரே, சைக்கிளைக் கண்டால் பெரிய வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள். மாட்டுக்காரர்களே, இரவில் மாட்டைக் கட்டுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசியில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, முற்றத்தில் நிற்கும் சைக்கிள்களுக்கெல்லாம் ஒளிப் பட்டி ஒட்டிவிட்டால் என்ன? ஊரில் வசதியுள்ள ஒருவரின் சிறிய ஸதகா அதற்குப் போதும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கல்லும் முள்ளும் மட்டுமா தொல்லை? ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கண்ணுக்குத் தெரியாமற் போவதும் பாதையில் உள்ள தொல்லைதானே!

அடுத்த முறை நீங்கள் வாகனத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிலாவெளி வீதியால் போகும்போது, மழைக்குள் குனிந்து மிதிக்கும் ஓர் உருவத்தைக் காண்பீர்கள். ‘குறுக்கே வருகிறானே’ என்று சினந்து ஹோர்ன் அடிக்காதீர்கள். சற்று வேகத்தைக் குறையுங்கள். கையால் உழைத்து உண்ட தாவூத் நபி (அலை) அவர்களின் வழியில், ஹலாலான ரிஸ்கைத் தேடிப் போய்த் திரும்புகிறவர் அவர். அவருடைய வீட்டில் ஒரு பிள்ளை மணிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும் என்று துஆச் செய்வோம். அதற்கான வெளிச்சத்தையும் நாமே கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.