ஈயமும் கண்ணாடியும்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், என் மகள் செவிலியாகப் பணிபுரியும் இங்கிலாந்தின் யார்க் நகருக்குச் சென்று சில மாதங்கள் தங்கியிருந்தேன். பகலெல்லாம் சன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை எவ்வாறேனும் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அவள் கருதியிருக்க வேண்டும். ஒரு மாலை, "அப்பா, பக்கத்துத் தெரு மண்டபத்தில் வண்ணக் கண்ணாடி வகுப்பு நடக்கிறதாம். பத்து வாரம். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்" என்றாள். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன் நான். கோடு போடத் தெரிந்தவனுக்குக் கண்ணாடி வெட்டுவது ஒரு வித்தையா என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

முதல் மாலையிலேயே அந்த எண்ணம் உடைந்தது. அதனோடு பதினொரு கண்ணாடித் துண்டுகளும் உடைந்தன. சிறு எஃகுச் சக்கரம் பதித்த கருவியால் கண்ணாடியின் மேற்பரப்பில் ஒரு கீறல் இடுகிறோம். கீறலின் இரு புறமும் பிடித்து மெல்ல வளைத்தால், கண்ணாடி அந்த வழியே தானாகப் பிரிகிறது. கீறல் ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை இடைவிடாது செல்ல வேண்டும். ஒரே முறைதான். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டின்மேல் மீண்டும் சக்கரத்தை ஓட்டினால் சக்கரமும் மழுங்கும், கண்ணாடியும் தன் விருப்பப்படி உடையும். என் கையோ அழிப்பானை நம்பி வளர்ந்த கை. ஒரு கோட்டைப் போட்டதும் அதன்மேல் மற்றொரு முறை செல்வது அதற்குப் பழக்கம். ஆசிரியை என் தோளருகே நின்று, "ஐயா, முதற்கீறலை நம்புங்கள்" என்றார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பழைய ஆலயச் சன்னல்களைச் செப்பனிடும் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

எண்மர் இருந்தோம். மூன்றாம் வாரம் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போவதை முழு அளவில் வரைந்து கொண்டுவந்தோம். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வரைந்திருந்த நட்சத்திரத்தின் கூர்முனைகள் கண்ணாடியின் நடுவே எங்கும் சேராமல் நின்றன. ஈயப்பட்டை நடு வெளியில் நிற்க முடியாது. ஒவ்வொரு கோடும் மற்றொரு கோட்டிலோ சட்டத்திலோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆசிரியை பென்சிலை எடுத்து ஒவ்வொரு முனையையும் ஓரம்வரை நீட்டினார். அதுவரை நட்சத்திரமாக இருந்தது, ஒளி சிதறும் வானமாயிற்று. அந்தப் பெண் தன் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் வீட்டு வாசற்கதவின் மேற்பகுதிக்குச் சூரியோதயம் செய்ய விரும்பினார். எங்களுள் வேகமானவர் அவரே. நான்காம் வாரத்திலேயே முப்பத்தாறு துண்டுகளையும் வெட்டி முடித்துவிட்டார். எண்ணிட மட்டும் மறந்துவிட்டார். கதிர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம். எது எதன் பக்கத்தில் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. போதாக்குறைக்கு, ஈயப்பட்டையின் நடுத்தண்டுக்கு இடம் விட வேண்டும் என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. தண்டின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் அது துண்டுக்குத் துண்டு கூடிக்கொண்டே போகும். அவருடைய சூரியன் சட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்குமேல் அகன்றுவிட்டது. "கதவைச் சற்று இழைத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். அனைவரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மீன்கொத்தி செய்துகொண்டிருந்தார். அவருடைய கணவர் ஆற்றோரம் அமர்ந்து பறவை பார்க்கும் வழக்கமுடையவராம். சிறகுக்கென்று தேடி வாங்கிய நீலக்கண்ணாடி ஒரே தகடு. ஐந்தாம் வாரம், வெட்டி முடித்த சிறகைச் சட்டத்தில் பொருத்தும்போது அது குறுக்கே விரிந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றி வைத்தார். அதே நீலம் மீண்டும் கிடைக்குமா என்று ஓட்டுநர் கேட்டார். கைகளால் செய்யும் தகட்டில் அதே நீலம் திரும்ப வருவதில்லை என்றார் ஆசிரியை. பின்பு, விரிசலின்மீதே மெல்லிய ஈயம் ஒன்றை ஓட்டிவிடலாம் என்றும் சொன்னார். பழைய சன்னல்களில் புனிதர்களின் முகத்துக்குக் குறுக்கே காரணமில்லாமல் கருங்கோடு ஓடுவதைக் கண்டால், அது என்றோ ஒருவர் விரிசலைக் காத்த அடையாளம் என்றார். மீன்கொத்தியின் சிறகில் ஒரு கோடு கூடியது. அந்த அம்மையார் அதை விரும்பினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

நான் வரைந்தது ஒரு லீலி மலர். ஆசிரியை அதைக் கண்டதும், "இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்றார். எங்கள் ஊர் ஆலயத்தின் பழைய சன்னலிலிருந்து என்றேன். "அச்சன்னல் இப்போது எப்படி இருக்கிறது?" என்றார். நான் விடை சொல்லாமல் வரைதாளைத் திருப்பி வைத்தேன்.

ஆறாம் வாரம் அவர் ஒரு பழைய பலகணியைக் கொண்டுவந்து மேசைமீது கிடத்தினார். ஈயம் வெளுத்து, வெடித்து, நடுவில் தொப்பைபோலப் பிதுங்கியிருந்தது. கண்ணாடிகள் தொட்டால் ஆடின. நிறமே தெரியாத அழுக்கு. "இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முதலில் சொன்னவன் நான்தான். அவர் சிறிய கத்தியால் ஈயத்தை அறுத்து, துண்டு துண்டாக எடுத்து, மென்தூரிகையும் நீரும் கொண்டு ஒன்றைக் கழுவி விளக்குக்கு எதிரே பிடித்தார். செக்கச்செவேலென்று எரிந்தது. "ஈயத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தாம் ஆயுள். அது சட்டை. கிழிந்தால் மாற்ற வேண்டியதுதான். கண்ணாடிக்கு ஒன்றுமே ஆகவில்லை, பாருங்கள்" என்றார்.

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், கடலூருக்கும் புதுவைக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் ஆலயத்தின் சூசையப்பர் சன்னல் உட்புறமாக வளைந்து தொங்கியது. ஒரு கையில் லீலியும் மறு கையில் தச்சரின் மூலைமட்டமும் ஏந்திய சூசையப்பர். நான் அப்போது பங்குப் பேரவையின் செயலர். கூரை போன வீடுகளும் வேரோடு சாய்ந்த பலாமரங்களும் ஊரெங்கும் கிடக்க, ஒரு சன்னலைப்பற்றி நெடுநேரம் பேச எவருக்கும் மனமில்லை. அலுமினியச் சட்டமும் நிறமேற்றிய கண்ணாடியும் போடுவதென்று முடிவாயிற்று. முதிய உபதேசியார் மட்டும் என்னிடம் வந்து, "கண்ணாடி எல்லாம் நல்லாத்தானே இருக்குங்க சார்" என்றார். "உமக்கு இதெல்லாம் தெரியாது, போம்" என்றேன். "பழுதுபார்க்க இயலாது" என்று குறிப்பேட்டில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஈயத்தைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டோம். கண்ணாடித் துண்டுகள் கல்லறைத் தோட்டத்துப் பின்புறப் பள்ளத்துக்குப் போயின.

ஏழாம் வாரம் ஒன்றும் சரியாக ஓடவில்லை. பற்றவைக்கும் பயிற்சி அது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 190 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். காரீயப்பட்டை உருக 327 வேண்டும். இவ்விடைவெளிதான் தொழிலாளியின் பிழைப்பு. சூடான கோலை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் பட்டையே உருகி ஓட்டையாகும். மாணவியின் பலகணியில் மூன்று ஓட்டைகள், என்னுடையதில் ஐந்து. தேநீர் வேளையில், ஈயம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எவரும் கோப்பையைத் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. கைகழுவும் தொட்டியருகே நின்றபோது ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதலாக ஏதும் சொல்லவில்லை. "பள்ளம் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை எங்களை யார்க் பேராலயத்துக்கு அழைத்துச் சென்றார். 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவர் பொறுப்பேற்று முடித்த கீழ்த்திசைப் பெருஞ்சன்னல் அங்கே உள்ளது. அதன் 311 பலகணிகளையும் கழற்றி, பழுதுநீக்கி, 2018இல்தான் முழுமையாகத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஆயினும் என்னை நிறுத்தியது தென்புறத்து ரோசாச் சன்னல். 1984 சூலை 9ஆம் நாள் பற்றிய தீயில் அதன் கண்ணாடியில் ஏறத்தாழ 40,000 விரிசல்கள் கண்டனவாம். ஆயினும் சன்னல் விழவில்லை. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் ஈயத்தைப் புதுப்பித்திருந்தார்கள். புதிய ஈயம் உடைந்த துண்டுகளைப் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு, "நான் எண்ணிடாதது முப்பத்தாறு துண்டுகளுக்குத்தான்" என்றார்.

கடைசி இரு வாரங்கள் மக்கு பூசுவதில் கழிந்தன. ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் கலந்த களிம்பை ஈயத்தின் மடிப்புகளுக்குள் தூரிகையால் திணிப்பது அழுக்கான வேலை. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. பத்தாம் மாலை, அவரவர் பலகணியை மண்டபத்தின் விளக்குகளுக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். ஓட்டுநர் இரண்டு கதிர்களை எடுத்துவிட்டு அளவைச் சரிசெய்திருந்தார். மாணவியின் வானம் சற்றே கோணல். மீன்கொத்தியை உயர்த்தியபோது மட்டும் ஒருவரும் பேசவில்லை. என் லீலி என் மகளின் சமையலறைச் சன்னலில் தொங்குகிறது.

2020 பிப்ரவரியில் ஊர் திரும்பினேன். உபதேசியார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகனிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, அவர் தந்தையிடம் அன்று நான் பேசிய பேச்சையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே சென்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பங்குத்தந்தையின் அனுமதியோடு இரண்டு நாள் தோண்டினோம். முழங்கால் ஆழத்திலேயே கிடந்தன. எழுபத்து நான்கு துண்டுகள் கிடைத்தன. ஊதா மேலாடையில் பெரும்பகுதி. மூலைமட்டத்தின் ஒரு கரம். லீலியின் மூன்று இதழ்கள். முகம் இல்லை. "அப்பா இந்தப் பச்சையைத்தான் சார் எப்பவும் சொல்லிக்கிட்டிருப்பார்" என்று ஓர் இலையைக் கழுவி வெயிலுக்கு எதிரே பிடித்தார் மகன்.

வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். அடுக்கிப் பார்க்கலாம் என்று அவர் கை நீட்டியபோது எனக்குப் பேருந்து ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, முதல் துண்டை எடுத்துத் துடைத்து, அதன் ஓரத்தில் 1 என்று எழுதினேன்.