பழி டர்போ மேலே

போடி மலையடிவாரத்தில் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காது கொஞ்சம் நீளம். முந்தல் சோதனைச்சாவடி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள், முன்னால் போகிற வண்டி, பின்னால் வருகிற வண்டி எல்லாவற்றின் சத்தத்தையும் எடைபோட ஆரம்பித்துவிடுவோம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் உறுமுவது ஒரு தினுசு. டர்போ வைத்த கார் மெல்லிசாக விசிலடித்துக்கொண்டு ஏறும். அந்த விசில் வண்டிக்கு இயல்பு. அது 'உஸ்ஸ்' என்று சீற்றமாக மாறினால்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரே தீர்ப்புதான்: "டர்போ போச்சு சார்." மேட்டில் புல்லிங் இல்லையா, டர்போ போச்சு. கரும்புகையா, டர்போ போச்சு. டயருக்குக் காற்றடிக்கும் பையன்கூடக் கூசாமல் சொல்வான். எனக்கு இந்த அவசரத் தீர்ப்பின் மேல் வெகுகாலமாக எரிச்சல்.

ஏலக்காய் ஸ்டோருக்குள் போய் வந்தவர்களுக்கு டர்போவைப் புரியவைப்பது சுலபம். பறித்த பச்சைக்காயை உலர்த்தும் அந்தக் கட்டடத்தில், அடுப்பு ஒரு பக்கம் எரியும். புகை, அறைக்குள் ஓடும் தகரக் குழாய்களின் வழியாகவே போய்ப் புகைபோக்கியில் வெளியேறும். தட்டில் பரப்பிய காய்க்குச் சூடு மட்டும்தான் கிடைக்கும், புகை அண்டாது. ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் கிட்டத்தட்ட ஒரு நாள் கிடந்து, ஐந்து கிலோ பச்சை ஒரு கிலோ காயாகச் சுண்டும். நிறம் மட்டும் பச்சை மாறாது. குழாயில் ஓட்டை விழுந்தால் காயில் புகைவாடை ஏறி, ஏலத்தில் விலை சரிந்துவிடும். அதனால் சீசனுக்கு முன்னால் ஸ்டோர்க்காரர் முதலில் தட்டிப் பார்ப்பது குழாயைத்தான்.

டர்போவிலும் வீணாய்ப் போகும் புகைக்குத்தான் வேலை. எஞ்சின் துப்புகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் அந்தத் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை அவருடையது அல்ல, சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கருடையது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. உயரப் பறந்தால் காற்று மெலிந்து விமான எஞ்சின் சோர்ந்துபோகும். டர்போ வைத்தால் சோராது என்பது மாஸின் கட்சி. நிரூபிப்பது எப்படி? 1918-இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய்விட்டார். பதினாலாயிரம் அடிக்கு மேல். ஆகாயத்துக்குப் போக முடியாவிட்டால் என்ன, ஆகாயத்துக் காற்று இருக்கும் இடத்துக்கு ரோடு இருக்கிறதே! கீழே 350 குதிரைத்திறன் காட்டிய எஞ்சின் உச்சியில் 230-ஆகச் சுருங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356 காட்டியது. விமான எஞ்சினின் வியாதியை மலைப்பாதையில் வைத்துத் தீர்த்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு ஏனோ போடி பட்டறைக்காரர்கள் ஞாபகம்தான் வருகிறது.

எங்கள் மலைப்பாதை போய்ச் சேரும் போடிமெட்டு என்ன, நாலாயிரத்து ஐந்நூறு அடிதான். ஆனாலும் பதினேழு வளைவு சுற்றி மேலே போய்ச் சேர்வதற்குள், ஊரில் இருந்த காற்றில் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. பழைய மகிந்திரா ஜீப்பின் பூஜோ எஞ்சினுக்கு டர்போவே கிடையாது. முக்கிக்கொண்டு தன் வேகத்தில் ஏறியது, யாரும் குறை சொன்னதில்லை. டர்போவை நம்பிச் சிறிதாகச் செய்த எஞ்சினுக்கு அது கைவிட்டால் வேறு கதி இல்லை.

அப்படித்தான் ஒருமுறை என் பழைய டீசல் கார், மெட்டுக்கு ஏறும் வழியில் புலியூத்துக்கு முன்னாலேயே திணறி, கரும்புகை கக்க ஆரம்பித்தது. வேறோர் ஊரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள், 'பூஸ்ட் குறைவு' என்று வந்தது. உடனே புது டர்போவுக்கு எஸ்டிமேட் நீட்டிவிட்டார்கள். குறைவு என்றுதான் ஸ்கேனர் சொன்னது, எந்த இடத்தில் என்று சொல்லவில்லையே.

போடியில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், எஞ்சின் ஆறும்வரை டீ குடித்தார். பிறகு டர்போவின் வாயில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டுச் சக்கரத்தைச் சுண்டினார். தங்குதடையில்லாமல் சுற்றியது. பக்கவாட்டில் அசைத்தார், நூலளவு ஆடியது. "இது இருக்கலாம் சார். எண்ணெய் வந்தா நின்னுக்கும்." முன்னும் பின்னும் தள்ளி இழுத்தார்; அசைவில்லை. "இப்பிடி ஆடுனாத்தான் சோலி முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்." சக்கரத்தின் ஓரம் எங்கும் உரசவில்லை, நுனி உடையவில்லை. அப்புறம் கீழே குனிந்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸை வேஸ்ட் துணியால் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய்ப்பிசுக்கில் புழுதி அப்பியிருந்தது. அங்கே பிடித்து வளைத்தார். விரல்நீளத்துக்கு ரப்பர் வாய் பிளந்தது. சும்மா ஓடும்போது ஒட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக இருக்கும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்து அழுத்தம் ஏறினால் பிளக்கும். டர்போ அமுக்கிய காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்விட்டால் டீசல் முழுதாக எரியக் காற்று ஏது? மிச்சம் கரும்புகைதான்.

நான் பார்த்தவரை இதுதான் நடப்பு. ஹோஸ், தளர்ந்த கிளிப், வெடித்த வேக்கம் குழாய், அடைத்த ஏர் ஃபில்டர், கரிபிடித்த ஈஜிஆர் வால்வு என்று எல்லாவற்றுக்கும் பழி ஏற்பது டர்போ.

நீலப்புகை வேறு சமாச்சாரம். அது எண்ணெய் எரிகிற புகை. டர்போவின் சீல் போயிருக்கலாம். இதில் அலட்சியம் கூடாது. கசிவு மிஞ்சினால் எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போதும் டர்போவைக் கொன்றது பெரும்பாலும் எண்ணெய்தான். மாற்றாமல் விட்ட எண்ணெய், அல்லது கரிகட்டி அடைத்த எண்ணெய்க் குழாய். மலையேறிப் பழுக்கக் காய்ந்த வண்டியைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, தங்கியது அங்கேயே கரியாகிறது.

ஆகவே, மெட்டில் டீக்கடை முன் நிறுத்தினால் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். டர்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், எண்ணெய் வரும் குழாயும் திரும்பும் குழாயும் சுத்தம் செய்யப்படுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியை அங்கே விடாதீர்கள். பழையதைக் கொன்ற அடைப்பு புதியதையும் கொல்லும்.